சக்கையை எரித்துக் கரண்டு செய்த தோட்டம்

எண்பதுகளின் நடுவில் நான் ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் வயர்மேன். புக்கிட் ரோத்தான் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றின் ஆலையில் எஞ்சின் டிரைவராக இருந்த சன்னாசி அண்ணனை ஒரு கல்யாணத்தில் சந்தித்தேன். "எங்களுக்கு வெளிக் கரண்டே கிடையாது தம்பி. பழச் சக்கையை எரிச்சு நாங்களே செஞ்சுக்கிறோம்லா" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு முதல் பஸ். பத்தாங் பெர்ஜுந்தையிலும் கோலசிலாங்கூரிலும் மாறினேன். மூன்று டிக்கெட்டும் சேர்த்து மூன்று வெள்ளி நாற்பது காசு. புக்கிட் ரோத்தானில் இறங்கும்போது ஒன்பதே முக்கால். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் செம்மண் சாலை. பழம் ஏற்றிய லோரி ஒன்று என்னையும் ஏற்றிக்கொண்டது.

அண்ணன் சொன்னது உண்மைதான். பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும் கொதிகலனுக்குள் போகின்றன. அங்கே எழும் நீராவி டர்பைனைச் சுழற்றிக் கரண்டு தருகிறது. ஆலை, தொழிலாளர்கள் குடியிருக்கும் இரண்டு லயங்கள், தோட்ட ஆஸ்பத்திரி, தண்ணீர்ப் பம்ப், மேனேஜர் பங்களா என ஒவ்வொன்றுக்கும் பலகையில் தனிச் சுவிட்ச். ஆசை தாளாமல் என் மீட்டரை எடுத்து ஒவ்வொரு லைனாக அளந்தேன். பங்களா மட்டும் இருபத்திரண்டு ஆம்பியர். ஆஸ்பத்திரியும் இரண்டு லயங்களும் சேர்ந்தாலும் அவ்வளவு வரவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கொதிகலனில் ஒரு குழாய் ஒழுகத் தொடங்கியது. நாளை மத்தியானம் வரை ஆவி இல்லை என்றார்கள். மிச்சம் ஒரு சிறிய டீசல் எஞ்சின்தான். அண்ணன் வழக்கப்படி முதலில் பங்களாவைப் போட்டார், பிறகு பம்ப். ஆஸ்பத்திரியைப் போட்டதும் எஞ்சின் திணறியது. அந்தச் சுவிட்சை இறக்கி அடைத்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் நர்ஸ் மரியம்மா வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அண்ணே, ஐஸ்பெட்டியில ஊசி மருந்து இருக்கு. திங்கக்கிழமை நாப்பது பிள்ளைங்க வருது. நாளைக்கு வரைக்கும் கரண்டு இல்லைன்னா அத்தனையும் கொட்டணும்."

"பங்களாவை அடைச்சாத்தான் முடியும். மேனேஜர் துரைகிட்ட கேக்கணுமே."

அண்ணன் பங்களாவுக்குப் போன் செய்தார். துரை கிள்ளானுக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றார் சமையல்காரர். துரை இல்லாத வீட்டில் ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அளந்த எண்களைச் சொன்னேன். சொல்வது எனக்கு எளிது, மாலை பஸ்ஸில் போய்விடுவேன். வேலை அவருடையது.

"வேலை போனா போவுது" என்று பங்களா சுவிட்சை இறக்கினார். பிறகு ஆஸ்பத்திரியையும் லயங்களையும் போட்டார். எஞ்சின் சீராக ஓடியது.

ஐந்து மணிக்கு மேனேஜர் கார் வந்து நின்றது.

"யாரு அடைச்சது?"

"நான்தான் துரை."

நான் முந்திக்கொண்டு அளவுகளைச் சொன்னேன். ஊசி மருந்தைப் பற்றி மரியம்மா சொன்னார். மேனேஜர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். நானும் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

இப்படியோர் ஆலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் முன்பே அனுமதி வாங்குங்கள். காலை மூடும் சப்பாத்து அவசியம், தரையெல்லாம் எண்ணெய். பழம் வரும் காலை நேரமே நல்லது. டர்பைனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கரண்டு குறைந்தால் முதலில் யாருக்கு அடைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நாற்பது பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. அனுமதியில்லாமல் பங்களாவை அடைத்ததற்கு அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். அதே வாரம் பலகையில் ஒரு காகிதமும் ஒட்டியிருக்கிறார்கள்: முதலில் ஆஸ்பத்திரி, கடைசியில் பங்களா.

"ரெண்டுலயும் துரை கையெழுத்துதான்" என்று எழுதியிருந்தார். "கடுதாசிய பொட்டியில வச்சிட்டேன். பலகையில இருக்கிறதப் பாத்துத்தான் ஓட்டுறேன்லா."