மஞ்சள் சேலையும் டாக்டரம்மாவின் போனும்

பெரியவளே, நீ பிறந்த மூன்றாம் நாள் நடந்ததை எழுதுகிறேன். தம்பிக்கும் வாசித்துக் காட்டு.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மா உன் நெஞ்சுக்கு மேலே போனைப் பிடித்திருந்தார். தோலைப் படம் எடுத்தால் மஞ்சள் காமாலை எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ஆப்பாம். புதிதாக வந்தது. சரியாகச் சொல்கிறதா என்று, எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தமும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரை சிவப்பானது. காமாலை முற்றினால் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போணுமா டாக்டரம்மா?"

"செத்த பொறுங்கண்ணே," என்றார் பக்கத்தில் நின்ற சிஸ்டர். "பிள்ளைய எது மேல போட்டிருக்காக, பாருங்க."

அம்மன் கோயிலில் பூக்குழி இறங்கித் தீ மிதிக்க மஞ்சளில் முக்கிக் கட்டிய பழைய சேலையை உன் அம்மா மடித்து உனக்கு விரித்திருந்தாள். மெத்தென்று இருக்கும், அம்மன் காவலும் இருக்கும் என்று.

"மஞ்சச் சேலையில போட்டுட்டு மஞ்சளா இருக்கான்னு கேட்டா போன் என்ன சொல்லும்? எங்க அம்மனுக்கே காமாலைன்னுல்ல சொல்லும்," என்றார் சிஸ்டர்.

என் பையில் கம்பெனியின் வெள்ளைத் துணி இருந்தது. சேலையை எடுத்துவிட்டு அதை விரித்தேன். டாக்டரம்மா மறுபடி படம் எடுத்தார். திரை பச்சை.

எனக்கு உயிர் வந்தது. "பொறவு எதுக்கும்மா ரத்தம்? பச்ச மண்ணு, குத்த வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

"துணிய மாத்துனா பிள்ளையோட ரத்தமும் மாறிருமா? சிவப்பையும் நம்பல, பச்சையையும் நம்பல. ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா.

கட்டிலில் இருந்து உன் அம்மா சொன்னாள்: "சிவப்புன்னா மதுரைக்கு ஓடணும்ங்கீக, பச்சைன்னா வீட்டுக்கு ஓடணும்ங்கீக. செத்த நேரம் ஒரு எடத்துல நில்லுங்க."

உன் குதிகாலில் ஊசி குத்தினார்கள். அந்த அழுகையைக் கேட்க முடியாமல் வெளியே போய்விட்டேன். முடிவு வரும்வரை ஆஸ்பத்திரி வாசலுக்கும் வார்டுக்குமாக நடந்தேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை.

டாக்டரம்மா வந்தார். "மதுரைக்கெல்லாம் வேண்டாம். ஆனா வீட்டுக்கும் அனுப்ப முடியாது. இன்னைக்கே லைட்டுல வைக்கணும். விட்டா ஏறிரும்." பிறகு சிஸ்டரிடம், "ரெண்டு தடவையும் தப்பாத்தான் சொல்லிருக்கு. இத வச்சு எந்தப் பிள்ளையையும் அனுப்பிராதீக," என்றார்.

சிவப்பு பொய்யானதில் எனக்குப் பயமில்லை. என் கையால் விரித்த துணியில் வந்த பச்சையை நினைத்துத்தான் பயந்தேன். அதை நம்பி உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

கண்ணைக் கட்டி உன்னை நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் நீ மஞ்சளா வெள்ளையா என்றே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலையில் சிஸ்டர் மறுபடி ஊசியோடு வந்தார். "காமாலை இறங்கியிருக்கான்னு பாக்கணும். வெளிய போறீகளாண்ணே?"

நான் கையைக் கழுவிவிட்டு வந்து உன் காலைப் பிடித்துக்கொண்டேன்.