மழைப் பாட்டும் நான்கு தறிகளும்

நான் பாட்டுப் பழகியது ஸ்டிராவில். இளநீர்க் கடையில் கொடுப்பார்களே, அந்த ஸ்டிராதான். சொம்பில் பாதி தண்ணீர் வைத்து, அதற்குள் ஸ்டிராவை விட்டு, ஊதிக்கொண்டே ‘ஊ’ என்று பாட்டின் மெட்டை இழுக்க வேண்டும். தண்ணீர் ஒரே சீராகக் குமிழிட்டால் மூச்சு ஒழுங்காகப் போகிறது. விட்டு விட்டுக் குமிழிட்டால் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறோம் என்று அர்த்தம். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது மாமனுடைய போன்.

அப்போது ஏழாவது படித்தேன். எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்பாதியில் நான்கு விசைத்தறிகள் ஓடின, பின்பாதியில் நாங்கள் குடியிருந்தோம். பகலில் அம்மாவும் இரவில் அப்பாவும் தறி ஓட்டினார்கள். தமிழ் சார் எழுதிக்கொடுத்த ஒரு மழைப் பாட்டைப் பாடி, பள்ளியில் முதலாவதாக வந்துவிட்டேன். அடுத்தது மாவட்டப் போட்டி. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில், மூன்று வாரம் கழித்து.

பரிசு வாங்குவதைப் பற்றி நான் பெரிதாக நினைக்கவில்லை. அம்மா கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதுவரை ஒருமுறைகூட அவர் என் பாட்டைக் கேட்டதில்லை. போய்க் கூப்பிட்டால், “இந்தத் தறிச் சத்தத்துல என்ன சாமி கேக்கும், ஒரு நாளைக்கு அமைதியா ஒக்காந்து கேக்கறேன்” என்பார். சரி என்று கரண்ட் போகும்வரை காத்திருப்பேன். நான்கு தறிகளும் நின்று, தெருவே அடங்கிப்போகும் அந்த நேரத்தில் ஓடிப்போய் நின்றால், அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பிவிடுவார். “இதா வாரேன் சாமி” என்று போனவர் திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்துவிடும். சேலத்து மண்டபத்தில் குடமும் கிடையாது, தறியும் கிடையாது. அங்கே உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். மூன்று வாரமும் என் மனதில் ஓடிய கணக்கு இதுதான்.

மாமன் அம்மாவுக்குத் தம்பி. பாவு நூல் சுற்றிய பீம் உருளைகளைத் தறிப்பட்டறைகளுக்குக் கொண்டுபோய் இறக்கும் சின்ன லாரி ஓட்டினார். நான் போட்டிக்குப் போகிறேன் என்றதும் ஒரு செல்போன் கடையில் சொல்லி, பாட்டுப் பயிற்சி வீடியோக்களாகப் பார்த்து மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதி வீடியோ ஆங்கிலம். மாமன் ஐந்தாவதோடு நின்றவர் என்றாலும் மொழிபெயர்க்கத் தயங்கவே மாட்டார். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வயிற்றின்மேல் கையை வைத்து நீளமாக ஏதோ விளக்கினார். மாமன் நிதானமாகக் கேட்டுவிட்டு, “தொப்புளுக்கு மேல ஒரு மோட்டார் இருக்குதாமா மாப்ள. அதுலதான் பாடோணுமாமா. தொண்டை வெறும் பைப்புத்தான்” என்றார். பல வருடம் கழித்து அதே வீடியோவை நானே புரிந்துகொண்டு பார்த்தபோது, அவர் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

உதட்டைத் தளர்த்தி, புர்ர்ர் என்று அதிரவைத்துக்கொண்டே மேலே ஏறிக் கீழே இறங்குவது இன்னொரு பயிற்சி. அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பையன் பாட்டுக்குப் போகிறானா லாரிக்குப் போகிறானா என்று அம்மாவிடம் கேட்டார். பாடுகிறவன் பாட்டில் சொந்தமாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்று ஒரு வீடியோ சொன்னது. நான் சரணங்களுக்கு நடுவே நாக்கைத் தட்டித் தறி ஓடும் தாளத்தைச் சேர்த்தேன். மேடைப் பயம் போக, நான்கு பேர் முன்னால் பாடிப் பழகச் சொன்னது இன்னொன்று. மாமன் தறிகளைக் காட்டி, “நாலு ஜட்ஜு இருக்குது, பாடு. ஒண்ணும் கைதட்டாது, ஒண்ணும் எந்திரிச்சும் போகாது” என்றார்.

எல்லா வீடியோவும் முதலில் சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் விட்டுவிட்டோம். அமைதியான அறையில் பயிற்சி செய்யவும் என்றிருந்தது. எங்கள் தெருவில் அப்படி ஓர் அறை யார் வீட்டிலும் கிடையாது. மாமனுடைய போனில் தம்புரா ஓடும் செயலி ஒன்றும் இருந்தது. ஆனால் போனைக் காதில் வைத்து அழுத்தினாலும் கேட்காது. அதனால் தறி மோட்டாரின் ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் மோட்டாரோடு அச்சாகச் சேர்ந்து பாட வந்துவிட்டது. என் குரல் எனக்குக் கேட்க வேண்டுமே என்று ஒவ்வொரு வரியையும் உரக்க எடுத்தேன். அது உரக்க என்றே எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்கள். தறி ஓடும்போது அதுவும் எடுபடாமல், வாயசைவைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேச்சு நடக்கும். நான் எழுத்துப் படிப்பதற்கு முன்பே உதடு படிக்கத் தெரிந்துகொண்டவன்.

போட்டி அன்று அம்மா நான்கு தறிகளையும் நிறுத்திவிட்டுக் கிளம்பினார். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சேலம்வரை பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. தொண்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம். அதுவும் வீடியோ சொன்னதுதான்.

மண்டபம் நிறைய பிள்ளைகளும் பெற்றோர்களும். அம்மா மூன்றாவது வரிசையில், நேர் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்குக்கு முன்னால் போய் நின்றதும் மண்டபம் அமைதியானது. அப்படியோர் அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்று தெரியவில்லை. என் மோட்டார் எடப்பாடியில் இருந்தது.

எடுத்தேன். தறிப்பட்டறையில் எடுப்பது போலவே எடுத்தேன். மைக் கீச்சென்று கத்தியது. முன்வரிசையில் இருந்த நடுவர் காதைப் பொத்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்த குரல் யாரோ சண்டை போடுவது போல இருந்தது. முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன். இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டறையில் செய்வது போல உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே இறக்கினார். வேகத்தைக் குறை என்று அர்த்தம். சத்தமே வராமல் உதட்டை மட்டும் பெரிதாக அசைத்தார். மெதுவா. மூச்சு இழு. அப்புறம் அந்த வெள்ளைக்கார அம்மாள் போலவே தன் வயிற்றின்மேல் கையை வைத்துக் காட்டினார். நான் போனைப் பார்த்துப் பழகிய நேரமெல்லாம், ஊடை நூல் அறுந்ததா என்று தறியைப் பார்த்துக்கொண்டே அவர் என்னையும் பார்த்திருக்கிறார்.

மூச்சை இழுத்தேன். தலைக்குமேல் மின்விசிறி ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தாழ்வாக எடுத்தேன். வந்தது. சரணங்களுக்கு நடுவில் நாக்கைத் தட்டித் தறித் தாளம் போட்டபோது அம்மாவின் விரல்கள் மடியில் அதே கணக்கில் தட்டின. ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. கடைசி வரியை, வீடியோவில் சொன்னபடி, மூச்சு முழுக்கத் தீரும்வரை மெல்லியதாக நீட்டி முடித்தேன். சிரித்த பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்ததால் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று தமிழ் சார் சொன்னார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்ததும், கேட்டாயா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“கேட்டேன் சாமி. நல்லாப் பாடுனே.”

எந்த இடம் நன்றாக இருந்தது என்று விடாமல் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். “கடைசில கண்ண மூடிட்டு, வாய இத்தனூண்டா வச்சுப் பாடுனியே, அதுதான்” என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மூன்று வாரம் சொம்பில் ஊதியவனிடம் வந்து வாயைப் பற்றிச் சொல்கிறாரே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் எங்கள் ஊரில் நடந்த காது பரிசோதனை முகாமுக்கு நான்தான் அம்மாவைக் கூட்டிப்போனேன். டாக்டர் காதில் மாட்டிய கருவியில் ஒவ்வொரு சத்தமாக ஓடவிட்டார். ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்க வேண்டும். அம்மா பெரும்பாலும் கையைத் தூக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டதை நான் உதட்டை அசைத்துச் சொன்னேன். “இவன் ஒண்ணாவது சேர்றப்பவே பாதிக்குமேல போயிருச்சுங்க. அப்பறம் மீதியும் போயிருச்சு” என்றார் அம்மா. தறிக்காரர் வீடுகளில் இது சாதாரணம் என்று டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்.

போட்டி முடிந்து திரும்பிய அன்று, பஸ்ஸில் நான் கோபித்துக்கொண்டதோடு அது முடியவில்லை. ஓமலூர் தாண்டியதும் அம்மா என் தோளைத் தொட்டு, அந்தப் பாட்டை இன்னொரு முறை பாடச் சொன்னார். பஸ் இரைச்சலில் என்ன கேட்கும் என்று சலித்துக்கொண்டேன். அவர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

“இப்படித் திரும்பிப் பாடு சாமி. மூஞ்சி தெரியட்டும்.”

முழுப் பாட்டையும் பாடினேன். அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார். பாட்டைக் கேட்கச் சொன்னால் இந்த அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.