இடக்கையால் எறிந்த பூ

படம் எடுக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கைபேசியில் வீடியோக்களைப் பார்த்தேன். பிறகு பழைய கமரா ஒன்றை வாங்கிக்கொண்டு பருத்தித்துறை மீன் சந்தையில் போய் நின்றேன். "என்னை எடுக்காதை பிள்ளை, மீனை எடு. அதுதான் ஆடாமல் கிடக்கும்," என்றார் மீன் விற்கும் அக்கா ஒருவர். சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். கமராவுக்கு முன்னால் சனம் சொல்வதையெல்லாம் அன்றிலிருந்து மனதில் சேர்த்து வைக்கிறேன். "வண்டி தெரியாமல் எடு" என்று வயிற்றை உள்ளே இழுத்தபடி சொல்லாத ஆம்பிளையை இன்னும் காணவில்லை.

பிறந்தநாள், புதுவீடு குடிபூரல் என்று இரண்டு வருடம் ஓடியபிறகு அச்சுவேலியில் ஒரு கலியாணம் வந்தது. நான் தனியாக எடுக்கும் முதல் கலியாணம். காலையிலிருந்தே எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பெண்ணின் தகப்பன் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"மற்றது எப்பிடி வந்தாலும் பரவாயில்லை. தாலி கட்டுறது மட்டும் பிழைக்கக் கூடாது பிள்ளை. மூத்தவள் கனடாவிலை. பேப்பர் சரிவரேல்லை, தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு வர ஏலாமல் போச்சு. அவள் உந்தப் படத்தைத்தான் பாத்துக்கொண்டு இருப்பாள்."

"ஓம் ஐயா, அதை நான் விடமாட்டன்," என்றேன்.

பெண் கூறைச் சேலை மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்தாள். மணவறைக்கு நேர் முன்னே ஒரு முழங்காலை ஊன்றி நல்ல இடம் பிடித்துவிட்டேன். அந்த நேரம் பூவும் அரிசியும் நிறைந்த தட்டு என் பக்கம் வந்தது. விருந்தாளியாய் எத்தனை கலியாணம் கண்ட கை, தட்டைக் கண்டதும் தானாக நீண்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டது. மாப்பிள்ளை எழுந்தார். கெட்டிமேளம் முழங்கியது. வலக்கை விரல் கமராவின் பொத்தானை அமத்திப் பிடித்தது. இடக்கையோ, சபையோடு சேர்ந்து பூவை எறிந்தது. கமரா ஒரு ஆட்டம் ஆடிவிட்டது.

பக்கத்தில் நின்ற வீடியோ அண்ணை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். "நீர் படம் எடுக்க வந்தனீரோ, கலியாணத்துக்கு வந்தனீரோ?"

"இரண்டுக்கும்தான் அண்ணை," என்றேன்.

பந்தி தொடங்கியதும் மண்டபத்துக்குப் பின்னால் போய்க் கமராவைத் திறந்தேன். தாலி கட்டும்போது விழுந்த முதல் எட்டுப் படங்களும் கலங்கல். ஒன்பதாவதைப் பார்த்தபோது இருந்த இடத்திலேயே எழும்பிவிட்டேன். தாலிக்கொடி, மாப்பிள்ளையின் விரல்கள், பெண்ணின் குனிந்த முகம், எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. அவற்றுக்கு முன்னால், படத்தின் கீழ் ஓரத்திலிருந்து என் பூக்கள் அவர்களை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன.

ஓடிப்போய்த் தகப்பனிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உது ஆற்றை பூ?"

"என்ரைதான் ஐயா. கை பிழைவிட்டிட்டுது."

தன் கைபேசியை நீட்டினார். படத்தை அதற்கு மாற்றி மூத்த மகளுக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அவளுடைய அழைப்பு வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அப்பா, இந்தப் பூ நான் எறிஞ்ச மாதிரியெல்லோ கிடக்கு."

தகப்பன் கைபேசியை என்னிடம் தந்துவிட்டுச் சால்வையால் கண்ணைத் துடைத்தார். அவளோடு பேசி முடித்துக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்ததும் எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சாப்பாட்டையும் மறந்து வீடியோ அண்ணையைத் தேடிப் பிடித்து, படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அப்பளத்தைக் கடித்தபடி கனநேரம் பார்த்தார்.

"அடுத்த கலியாணத்திலை," என்றார், "எனக்கும் ஒரு பிடி அள்ளித் தாரும்."