பெடல் போட்ட கீச்

"உன் அண்ணன் பாட்டுல தாளத்தை விட்டு முன்னால ஓடுவான், நான் தாளத்தை இழுத்தேன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவான்!"

காலையில் செருப்பைத் தேடும்போது அந்த டிரம்ஸ்காரன் இதைச் சொல்லாத நாளே கிடையாது. அவன் பெண்டாட்டி துணி தைப்பவள். நூலைப் பல்லால் கடித்தபடி, "அதை அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. என் தலையை ஏன் உருட்டுறீங்க?" என்பாள்.

அந்த அண்ணன்தான் பாட்டுக் குழுவுக்குச் சொந்தக்காரன், பாடுகிறவனும் அவனே. பதினோரு வருஷமாக ஒரே மேடை, இரண்டு பேருக்கும் ஆகாது.

ஒருநாள் ஒத்திகையில் அண்ணன் கத்தினான். "மாப்ளே, உன் பெடல் எலிப்பொறி மாதிரி கீச்சுங்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள அது வாயை மூடல, உன் இடத்துல தாள மிஷினை வெச்சிருவேன். அதுக்குச் சோறும் வேணாம், ரோஷமும் கிடையாது."

பெரிய டிரம்மை அடிக்கும் கால் பெடல் அது. காலைத் தூக்கும்போது கீச், மிதிக்கும்போது தும். அந்தத் தும்மை அவன் ஒரு மயிரிழை தாமதமாக விடுவான். நெஞ்சுக்குழியில் வந்து விழும். நாற்காலியில் சும்மா இருப்பவன் தோள்கூட ஆடும். அதற்குத்தான் அண்ணன் வைத்த பெயர் 'இழுவை'.

தையல் மிஷின் எண்ணெயை அவளே பெடலில் விட்டாள். புருஷன் வேலை போனால் விடிய விடியத் தைக்கப்போவது யார்? கீச் ஒழிந்தது.

ஞாயிறு மாலை. மண்டபம் நிறையக் கூட்டம், மேடையோரம் அவளும் இருந்தாள். முதல் பாட்டில் அண்ணன் முந்திக்கொண்டு நுழைந்தான். அடுத்ததில் நுழையவே இல்லை, வாயைத் திறந்தபடி நின்றான். இடைவேளையில் பாய்ந்து வந்தான்.

"வேணும்னே கவுத்துட்டேல்ல? எழுந்திரு! தாள மிஷின் பெட்டியைப் பிரிங்கப்பா!"

"வெச்சுக்கோ. அதுகிட்டயாவது ஓடாம பாடு."

டிரம்ஸ்காரன் குச்சிகளைப் பையில் திணித்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அண்ணன் கீச்சைக் கேட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறான்! புருஷனின் கைக்குட்டையை பைக் பெட்ரோலில் நனைத்து வந்து, பெடல் மூட்டில் இருந்த எண்ணெயை ஒட்டத் துடைத்தாள்.

"உக்காருங்க. மிதிங்க."

கீச், தும். கீச், தும். அண்ணன் அச்சுப் பிசகாமல் நுழைந்தான்.

"எலிப்பொறியில மாட்டினது யாருண்ணே?"

"போடி!" என்றான். மிஷின் பெட்டியைப் பிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இன்றுவரை அவனும் டிரம்ஸ்காரனும் முகம் பார்ப்பதில்லை.

ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் வாசிக்கிறான். போய்ப் பாருங்கள். முன்னால் நின்று கையை ஆட்டுகிறவனை விடுங்கள். பின்னால் இருப்பவனின் வலது காலைப் பாருங்கள். தயவுசெய்து யாரும் எண்ணெய் கொண்டு போகாதீர்கள்.