பின்னால் கேட்ட பூட்ஸ் சத்தம்

நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறேன். நான்கு வருடமாகத் தினமும் தலைவலி. மலைப் பனிதான் காரணம் என்று துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டுவேன். வலி வருமுன்பே மாத்திரையும் போட்டுக்கொள்வேன். ஒருநாள் மாத்திரைக்கும் அடங்காமல் செடியடியிலேயே சரிந்துவிட்டேன்.

சேலத்து டாக்டரம்மா, "தினமும் போடுற மாத்திரையே வலியை வளர்க்குதுங்க. வலிக்கறப்ப என்ன நடந்துச்சுன்னு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார்.

எழுதினேன். பனியில்லாத நாளிலும் வலித்தது. வேலையில்லாத ஞாயிறு காலையில் மட்டும் வலிக்கவில்லை. நோட்டைப் படித்த டாக்டரம்மா கேட்டார்: "ரைட்டர் பின்னால வந்து நின்னாருன்னு இத்தனை தடவை எழுதியிருக்கீங்களே, அப்ப பல்லை இறுக்கிக் கடிப்பீங்களா?"

எங்கள் வேலையைக் கண்காணிப்பவர்தான் ரைட்டர். ஆமாம் என்றதும், வேலையை விடச் சொல்வாரோ என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. "வேலைய உட்டா ஊடும் போயிருமுங்க. அது எஸ்டேட் ஊடுங்க."

"வேலைய விட வேண்டாமுங்க. தாடைய மட்டும் தளர்த்துங்க."

அவர் சொன்னபடி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தேன். முதல் வாரம் நரகம்தான். இப்போது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டதும் தாடையைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விட்டபடி பறிக்கிறேன். வாரத்தில் ஒருநாள்தான் வலிக்கிறது. ரைட்டர் இன்னும் வந்து நிற்கிறார். வீடும் எஸ்டேட்டுடையதுதான். தலையாவது என்னுடையதாக இருக்கட்டும்.