சர்வர் ஏற்க மறுத்த பெயர்

மூன்று வருஷங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை காலை, மலாக்கா காஜா பெராங்கில் நான் வேலை செய்யும் வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்தது இது. கடைவீட்டு மாடியில் நான்கு மேசை போட்ட சின்ன அலுவலகம். பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மகளைக் கிளேபாங்கில் தெரிந்த ஓர் அக்காவிடம் விட்டுவிட்டு வருவேன். பால் குடித்தாளா, கதவைப் பூட்டினேனா, கடிதத்தில் தேதி சரியாகப் போட்டேனா என்று எதையும் இரண்டு தடவை நினைத்துப் பார்க்கிற சுபாவம் எனக்கு.

அன்று எனக்கு எதிரே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அந்த வயதிலும் அவர் கையில் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐ.சி.தான். இங்கே வாழலாம், ஆனால் குடிமகள் இல்லை. இரண்டு மனு தள்ளுபடியாகி, மூன்றாவதற்கு அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நேர்காணல். அவர் பிறந்ததைக் கண்ணால் பார்த்த பெரியம்மா மகள் ஜாசினிலிருந்து பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சாட்சியின் சத்தியப் பிரமாணத்தை நான் தயாரித்துக் கொடுக்க வேண்டும். கீழ்த்தளத்தில் இருக்கும் பிரமாண ஆணையர் முன் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக ஆணையர் பன்னிரண்டேகாலுக்குக் கதவை மூடினால் திரும்பத் திறக்க மூன்று மணி ஆகிவிடும்.

பதினொன்றேகாலுக்குத் தட்டச்சு முடிந்தது. சர்வரில் எங்கள் கோப்புகள் இருக்கும் இடத்தில் சேமிக்கப் போனேன். சேமிக்க முடியவில்லை, பாதையையும் அனுமதியையும் சரிபார் என்று ஒரு செய்தி வந்தது. மறுபடி அழுத்தினேன். அதே செய்தி. முதல் காரியமாக என் கணினியிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்தே அச்செடுத்திருக்கலாம். ஆனால் ஒருமுறை யாரோ தன் கணினியிலிருந்த பழைய வரைவை அச்செடுத்து, அது கையெழுத்தாகிப் பெரிய வம்பாகிவிட்டது. அதிலிருந்து, சர்வரில் இல்லாத தாள் கையெழுத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கறிஞரின் கட்டளை. அவரோ நீதிமன்றத்தில் இருந்தார், தொலைபேசி அணைத்திருந்தது.

எனக்கு உடனே பக்கத்து மேசை அக்கா மேல்தான் சந்தேகம் போனது. அந்த அம்மாவின் கோப்புறையில் எதையோ அவர் திறந்து வைத்திருப்பதால்தான் சேமிக்க முடியவில்லை என்று நினைத்தேன்.

“நான் தொடவே இல்லமா. காலையிலேர்ந்து வாடகை ஒப்பந்தத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்,” என்றார்.

நான் நம்பவில்லை. எல்லாரையும் சர்வரிலிருந்து வெளியேறச் சொல்லிவிட்டு, அவர்கள் சேமித்து முடிக்கும் முன்பே அதை அணைத்துப் போட்டேன். மறுபடி ஏறியதும் அதே செய்தி. அக்கா தன் திரையைப் பார்த்தார். சேமிக்காமல் இருந்த இரண்டு பக்கம் போயிருந்தது.

“போச்சுலா. உன் சந்தேகத்துக்கு என் ஒப்பந்தம் பலி,” என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

கணினி பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன். சிரம்பானில் இருக்கிறேன், மூன்று மணிக்கு மேல் வருகிறேன் என்றார். மணி பதினொன்று நாற்பது. எதிரே இருந்த அம்மா சன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைவழியெங்கும் சுதந்திர தினத்துக்குத் தேசியக் கொடி கட்டியிருந்தார்கள்.

“கடைக்கெல்லாம் கொடி கட்டிட்டாங்க. நம்ம கார்டு மட்டும்தான் சிவப்பாவே இருக்கு,” என்று சாட்சியிடம் சொல்லிச் சிரித்தார்.

என் மகளின் பிறப்புப் பத்திரம் நினைவுக்கு வந்தது. அவள் பிறந்த இரண்டாவது வாரம் கணவர் ஒரு காலைப் பொழுதில் போய் வாங்கி வந்துவிட்டார். அதில் பெயர் சரியா என்று பார்த்து அலமாரியில் வைத்ததோடு நான் அதை மறந்தே போனேன். பன்னிரண்டு மணி வரை பார்ப்பது, அதற்குள் ஆகாவிட்டால் கட்டளையை மீறி அச்செடுத்துவிட்டு வழக்கறிஞரிடம் வசவு வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

இந்தத் தடவை யார் மேலும் பாயவில்லை. ஒரு வெற்றுத் தாளை வேறொருவர் கோப்புறையில் சேமித்துப் பார்த்தேன். போனது. அப்படியானால் சர்வரில் இடம் இருக்கிறது, இணைப்புக் கம்பியும் சரி. அதே வெற்றுத் தாளை இந்த அம்மாவின் கோப்புறையில் ‘அ’ என்று ஓர் எழுத்துப் பெயரில் சேமித்தேன். அதுவும் போனது. அனுமதியும் இருக்கிறது. பிரமாணத்தை அதன் பெயரில் சேமித்தேன். மறுத்தது. பிரமாணத்தையே ‘அ’ என்று சேமித்தேன். சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பெயரில்தான் கோளாறு. அந்தப் பெயரை வைத்தது நான்.

இந்த நாட்டுத் தமிழ்ப் பெண்களின் பெயர்களில் இன்னார் மகள் என்பதைக் குறிக்க ‘ஏ’க்கும் ‘பி’க்கும் நடுவே சாய்கோடு வரும். கோப்பின் பெயரில் சாய்கோட்டைக் கணினி ஏற்காது. அதற்காக எல்லாரும் தகப்பன் பெயரை விட்டுவிட, ஒரே பெயருள்ள இரண்டு பேரின் கோப்புகள் ஒருமுறை கலந்துவிட்டன. விடுப்புக்குப் போகும் முன் நான்தான் பொறுப்பாக ஒரு வழி சொன்னேன். அந்த இரண்டு எழுத்தையும், மகள் என்று பொருள்படும் ‘அனாக் பெரம்புவான்’ என்று மலாயில் முழுசாக எழுதி, தகப்பன் பெயரோடு போடுவோம் என்று. மனுவின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் இந்த அம்மாவின் முழுப் பெயரில் ஒன்று, அதற்குள் பிரமாணம், அதன் பெயரில் மறுபடி இவர் பெயரும் சாட்சியின் பெயரும். இந்தப் பெயர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நீளத்தைத் தாண்டினால் சர்வர் வாங்காது என்பது எனக்குத் தெரியாது.

பெயரைக் குறைக்கவும் மனம் வரவில்லை. அவரிடமே கேட்டேன். “ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல உங்க பேரை வெட்டி வைக்கணும். பரவாயில்லையா?”

“காகிதத்துல எங்கப்பா பேரோட முழுசா இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்புறம் என்னமா. பொட்டிக்குள்ள என்னை எப்படிக் கூப்பிட்டா என்ன?”

அவர் மனு எண்ணையே கோப்புக்குப் பெயராக வைத்தேன். அச்செடுத்து, இரண்டு தடவை படித்து, சாட்சியைக் கைப்பிடித்துப் படியிறக்கினேன். ஆணையர் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு கதவைப் பூட்டச் சாவியைக் கையில் எடுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சாவியை மேசை மேல் வைத்துவிட்டுச் சாட்சியிடம் கையெழுத்து வாங்கினார்.

மேலே வந்து அக்காவின் இரண்டு பக்கத்தையும் நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டபோது, “கேட்டது போதும், முதல்ல சேவ் பண்ணு,” என்றார்.

ஒரு வருஷத்துக்கும் மேலாகி, அந்த அம்மா படியேறி வந்தார். பையிலிருந்து குடிமக்களுக்குத் தரும் நீல ஐ.சி.யை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் அதில் தகப்பன் பெயர் முழுசாக இருக்கிறதா என்று வழக்கம்போல் இரண்டு தடவை பார்த்தேன். இருந்தது.

இன்றும் ஏதாவது ஒன்று சரியாக நடக்காதபோது என் கண் முதலில் பக்கத்து மேசைக்குத்தான் போகிறது. அதைத் திருப்பி, நான் நல்லது என்று நினைத்துச் செய்து வைத்தது எது என்று தேட, அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்குப் பழக்கிக் கொடுத்தது.