ரிக் வண்டியில் பிரெஞ்சு ராப்

செவ்வாய், காலை பத்தே கால். சேந்தமங்கலத்துக்கு அருகே ஒரு மானாவாரிக் காட்டில் ரிக் வண்டி தண்ணீருக்குப் போர் போடத் தயாராக நிற்கிறது. சூடம் காட்டிய டிரில்லர், சாமி பாட்டுக்குப் பதிலாக, இரண்டு பேர் மாறி மாறிக் கத்தும் பிரெஞ்சு ராப்பைப் போடுகிறார். அவர் முன்பு போர் போட்ட ஆப்பிரிக்காவில் அது ஓடியபோதுதான் தண்ணீர் வந்ததாம். ரிக் தொழிலை ஆய்வு செய்ய வந்த நான், குறிப்பேட்டில் 'பூஜை' என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதுகிறேன்.

காட்டுக்காரப் பெண்ணுக்கு இது மூன்றாவது போர். முதல் இரண்டிலும் வெறும் புழுதி. எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்றதும் பதறிக்கொண்டு வருகிறார்.

"ஏனுங்க, இத்தன கோவமா யாரை வையறாங்க? நம்மளைத்தானுங்களா?"

"இல்லைங்க. ஏழைங்க இருக்கிற பக்கம் போலீஸ் மட்டுந்தான் வருது, வேற ஒண்ணும் வர்றதில்லைன்னு சர்க்காரைக் கேக்கறாங்க."

அவர் ரிக்கைப் பார்க்கிறார். பிறகு டிரில்லர் பக்கம் திரும்புகிறார்.

"இன்னும் சத்தமா வெய்யி சாமி."